இடித்துரைப்பார் இல்லாத ஆட்சி

சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரித் தேர்வு ஒன்றில், பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியைப் பற்றி ஒரு வினாக் கேட்டிருந்தேன். வந்த விடைத்தாள்களில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்துடன் தொடங்கின. ‘அரசு என்பது நானே’ என்று கூறிய மன்னர் இவர் என்பதே அவ்வாக்கியம். நானும் மாணவனாக இருந்த நாளில் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெற்றவன்தான். ஆயினும், அச்சொற்களை லூயி கூறினார் என்பதற்கு அக்காலத்துச் சான்று எதுவும் இல்லை. 1655-ஆம் ஆண்டில் பாரிஸ் நகர நீதிமன்றத்தாரை நோக்கி அவர் அவ்வாறு முழங்கினார் என்பது பிற்காலத்தார் வழங்கிய கதை. உடன் இருந்தோர் கேட்டுக் குறித்து வைத்த அவருடைய சொற்கள் வேறு. 1715-ஆம் ஆண்டில், மரணப் படுக்கையில் கிடந்தபோது, தாம் போவதாகவும் அரசு என்றும் நிலைத்து நிற்கும் என்றும் அவர் கூறினார்.

மாணவ நண்பர்களே, இவ்விரண்டு கூற்றுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னது அவர் சொல்லாதது. பின்னது அவர் சொன்னது. ஆனால், அவருடைய ஆட்சி பெரும்பாலும் அவர் சொல்லாத கூற்றின்படியே நடந்தது. சொன்ன கூற்றின் உண்மையோ முடிவில்தான் வெளிப்பட்டது. மனிதர் போய்விடுவார், அரசு இருக்கும், அவர் வைத்துவிட்டுப் போகும் கடனும் காயமும் இருக்கும். ஓர் அரசரைத் தடுத்துப் பேச ஒருவரும் இல்லாத நிலை எவ்வாறு உருவாகிறது, அதனால் யாருக்கு என்ன நேர்கிறது என்பதை இம்மன்னரின் வரலாற்றைக் கொண்டு விளக்குவதே இன்றைய உரையின் நோக்கம்.

லூயி 1638-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்தார். தந்தை பதின்மூன்றாம் லூயி 1643-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் காலமானபோது, ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தை மன்னராயிற்று. 1715-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் இறக்கும் வரையில் அவரே அரசர். 72 ஆண்டுகளுக்கு மேல் நீண்ட ஆட்சி அது. நம் காலத்தில் நெடுநாள் ஆண்ட இங்கிலாந்தின் இரண்டாம் எலிசபெத் அரசியார் 2022-இல் மறைந்தபோது, அவர் முடிசூடியிருந்த காலம் 70 ஆண்டுகளைக் கடந்திருந்தது. லூயியின் கணக்கை அதுவும் எட்டவில்லை. அந்நாளில் பிரான்சின் ஒரு சிற்றூரில் பிறந்த குடியானவன், வளர்ந்து, மணந்து, பேரப்பிள்ளைகளைக் கண்டு மூப்பெய்தும் வரையில், நாணயத்தில் ஒரே அரசரின் உருவத்தைத்தான் கண்டிருப்பான்.

மன்னர் சிறுவராக இருந்தமையால், தாயார் ஆன் அரசியார் அவர் பெயரால் ஆட்சி நடத்தினார். கார்டினல் மாசரின் என்பவர் முதலமைச்சராக இருந்து வழிநடத்தினார். போர்ச் செலவுக்காக வரிகள் பெருகின. 1648-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கலகம் மூண்டது. முதலில் நீதிபதிகளும் நகர மக்களும் எதிர்த்தனர். பின்னர்ப் பெருங்குடிப் பிரபுக்களும் அரச குடும்பத்தினருமே வாளேந்தினர். 1653 வரை நீடித்த அக்கலகத்துக்குப் ‘பிரோண்டு’ என்று பெயர். பிரோண்டு என்றால் கவண்; பாரிஸ் தெருப் பிள்ளைகள் கல்லெறிந்து விளையாடிய கவணின் பெயர் ஒரு பெருங்கலகத்துக்கு வழங்கலாயிற்று.

1649-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் ஒரு நள்ளிரவில், பத்து வயதுச் சிறுவரான லூயியை எழுப்பிக்கொண்டு, அரச குடும்பம் பாரிஸை விட்டு ஓடிற்று. போய்ச் சேர்ந்த அரண்மனையில் போதிய கட்டில்களும் இல்லை. உடன் சென்றோர் பலர் வைக்கோலின்மேல் படுத்துறங்கினர். இரண்டாண்டு கழித்து, 1651 பிப்ரவரியில், அரசர் மீண்டும் ஓடிவிடுவாரோ என்று ஐயுற்ற நகர மக்கள் அரண்மனைக்குள் புகுந்தனர். அவர் படுக்கையில் இருக்கிறாரா என்று வரிசையாக வந்து பார்த்துச் சென்றனர். பன்னிரண்டு வயதுச் சிறுவர் கண்களை மூடி உறங்குவதுபோல் கிடந்தார். அவ்விரவை அவர் மறந்திருப்பாரா? பாரிஸ் மாநகரிடமும் பிரபுக்களிடமும் அவர் வாழ்நாளெல்லாம் காட்டிய ஐயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது எனலாம். கொடுங்கோன்மையின் பின்னால் சில வேளைகளில் அச்சமுற்ற குழந்தை ஒன்று நிற்கிறது. இதனை நான் அவருக்காகப் பரிந்து கூறவில்லை. நிகழ்ந்ததற்குக் காரணம் காட்டவே கூறுகிறேன்.

1661-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மாசரின் இறந்தார். இனி யாரை அணுகி ஆணை பெறுவது என்று அதிகாரிகள் எண்ணியிருக்க, இருபத்திரண்டு வயதான லூயி, தமக்கு இனி முதலமைச்சரே வேண்டா என்றும், தம் ஆணையின்றி எந்த ஓலையிலும் முத்திரையிடலாகாது என்றும் அறிவித்தார். இது சில திங்களில் தணிந்துவிடும் இளமை வேகம் என்றே பலர் கருதினர். அது ஐம்பத்து நான்கு ஆண்டுகள் நீடித்தது. நாள்தோறும் குறித்த வேளையில் அமைச்சரவையில் அமர்ந்து, கணக்குகளைக் கேட்டு, கடிதங்களைப் படித்துத் தளராது உழைத்த மன்னர் அவர். சோம்பல் மிக்க அரசர் என்று அவரை எவரும் குறை கூற முடியாது.

அதே ஆண்டில், நாட்டின் நிதிப் பொறுப்பை வகித்த பூக்கே என்பவர், தாம் கட்டிய புதிய மாளிகையில் மன்னருக்கு ஒரு பெருவிருந்து அளித்தார். மன்னரின் மாளிகைகளையும் விஞ்சிய அழகு அங்கே இருந்தது. ஆகஸ்டு 17-ஆம் நாள் விருந்து. செப்டம்பர் 5-ஆம் நாள் பூக்கே சிறைப்பட்டார். மூன்றாண்டு வழக்கு நடந்தது. நீதிபதிகளில் பெரும்பாலோர், அவரை நாடுகடத்தினால் போதும் என்று தீர்ப்பளித்தனர். தண்டனையைக் குறைக்கும் அருள் அரசருக்கு உண்டு என்பது பழைய மரபு. லூயியோ தண்டனையைக் கூட்டினார். நாடுகடத்தலை வாழ்நாட் சிறையாக மாற்றினார். பூக்கே செய்த குற்றங்கள் இருக்கட்டும். தீர்ப்புக்கு மேல் ஒரு தீர்ப்பு உண்டு, அது மன்னரின் உள்ளத்தில் இருக்கிறது என்பதை அன்று நாடே அறிந்துகொண்டது.

இனி, மன்னரைத் தடுத்துச் சொல்லும் வாயில்கள் எவ்வாறு ஒவ்வொன்றாக அடைபட்டன என்பதைக் காண்போம். முதல் வாயில், எஸ்டேட்ஸ் ஜெனரல் என்னும் பேரவை. சமயக் குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகிய மூன்று பிரிவினரின் பேராளர்கள் கூடும் மன்றம் அது. 1614-ஆம் ஆண்டில் கூடிய அப்பேரவை, லூயியின் நெடிய ஆட்சியில் ஒருமுறையேனும் கூடவில்லை.

இரண்டாவது வாயில், பாரிஸ் பார்லிமெண்டு. பெயரைக் கேட்டு, இங்கிலாந்தின் பாராளுமன்றம் போன்றது என எண்ணிவிட வேண்டா. அது ஓர் உயர்நீதிமன்றம். அரசர் பிறப்பிக்கும் சட்டம் அம்மன்றத்தின் ஏட்டில் பதிவான பிறகே செல்லுபடியாகும். பதிவு செய்வதற்கு முன், இச்சட்டத்தில் இன்ன குறை உள்ளது, இதனால் இன்ன தீங்கு விளையும் என்று மன்னருக்கு எடுத்துக் கூறும் உரிமை அதற்கு இருந்தது. இதனை விளக்க நம் மொழியில் தகுந்த சொல் ஒன்று இருக்கிறது. இடித்துரைத்தல் என்பதே அச்சொல். பகைவன் செய்வது பழித்தல். நலம் நாடுபவன் செய்வது இடித்துரைத்தல். 1673-ஆம் ஆண்டில் லூயி ஓர் ஆணை பிறப்பித்தார். சட்டம் வந்தவுடன் முதலில் பதிவு செய்ய வேண்டும். குறை இருப்பின் பின்னரே கூறலாம் என்பது அதன் சாரம். உரிமை பெயரளவில் இருந்தது, உயிர் போயிற்று. வீடு கட்டி முடித்த பிறகு வரைபடத்தில் பிழை காட்டுவதால் யாது பயன்?

மூன்றாவது வாயில், பிரபுக்கள். மாகாணங்களில் கோட்டையும் படையும் வைத்திருந்த அவர்களை, மன்னர் போரிட்டு அடக்கவில்லை. வீட்டுக்கு அழைத்து அடக்கினார். தந்தையார் வேட்டை மாளிகை கட்டியிருந்த வெர்சேல்ஸ் என்னும் இடத்தைப் பேரரண்மனையாக விரித்து, 1682-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் அரசவையையே அங்கு மாற்றினார். மன்னர் காலையில் துயில் எழுவது ஒரு சடங்கு. இரவில் படுக்கைக்குச் செல்வது ஒரு சடங்கு. அவருக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பதும் மெழுகுவர்த்தி ஏந்தி நிற்பதும் பெரும்பேறாகக் கருதப்பட்டன. பாட்டன்மார் வாளேந்திய கைகளில் பேரன்மார் மெழுகுவர்த்தி ஏந்தினர். அரசவைக்கு வராத பிரபுவுக்குப் பதவியோ உதவியோ வேண்டப்படும்போது, அவரைத் தாம் பார்ப்பதே இல்லையே என்று மன்னர் கூறிவிடுவாராம். மாகாண நிருவாகமோ, மன்னரே நியமித்த ஆணையாளர்களின் கைக்கு மாறிற்று.

இத்தனையும் கூறியபின், அவ்வாட்சியின் ஒளியை மறைப்பது நேர்மையாகாது. வெர்சேல்ஸ் கண்ணாடிக் கூடம் 73 மீட்டர் நீளமுடையது; பதினேழு பெருஞ்சாளரங்களுக்கு எதிரே 357 கண்ணாடிகள் பதித்து அமைத்தது. அக்கண்ணாடிகளை வெனிஸ் நகரத்திலிருந்து வாங்காமல் பிரான்சிலேயே செய்ததுதான் அதன் உண்மையான சிறப்பு. அத்தொழிலை வளர்த்தவர் அமைச்சர் கொல்பேர். துணி வணிகர் குடும்பத்தில் பிறந்து, கணக்கில் கண்ணும் கருத்துமாய் இருந்த அவர், நெசவு, கண்ணாடி, கப்பல் கட்டுதல் ஆகிய தொழில்களைப் பேணினார். அட்லாண்டிக் கடலில் கலக்கும் கரோன் ஆற்றையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும், ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய், 1666 முதல் 1681 வரை வெட்டப்பட்டது. அதை வகுத்த ரிக்கே என்பவர், அது திறக்கப்படுவதற்குச் சில திங்கள் முன்னர் இறந்தார். கால்வாய் இன்றும் இருக்கிறது. 1666-இல் அறிவியற் கழகமும் அடுத்த ஆண்டில் பாரிஸ் வானாய்வுக் கூடமும் தோன்றின. ஒளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லக் காலம் பிடிக்கிறது என்பதை, வியாழனின் துணைக்கோளை நோக்கி, ரோமர் என்னும் டேனிஷ் அறிஞர் 1676-இல் எடுத்துக்காட்டியது அவ்வாய்வுக் கூடத்தின் பணியால்தான். மோலியேரின் நாடகங்களும் ரசீனின் நாடகங்களும் இம்மன்னரின் ஆதரவில் அரங்கேறின.

கொல்பேர் 1664-இல் நிறுவிய கிழக்கிந்தியக் கம்பெனி நம் கடற்கரையையும் எட்டிற்று. பிரான்சுவா மார்த்தேன் என்பவர் 1674-இல் புதுச்சேரியில் குடியேறி, அங்கே ஒரு வாணிகப் பண்டகசாலையை வளர்த்தார். ஐரோப்பாவில் லூயிக்கும் டச்சுக்காரருக்கும் போர் மூண்டிருந்தமையால், டச்சுப் படை 1693-இல் புதுச்சேரியைக் கைப்பற்றியது. 1697-இல் ஹாலந்தில் கையெழுத்தான ரிஸ்விக் உடன்படிக்கையினால் அது பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பிற்று. பின்னர் அங்கே எழுந்த கோட்டைக்கு லூயியின் பெயரே சூட்டப்பட்டது. வெர்சேல்ஸில் எடுத்த முடிவு ஒன்று, அம்மன்னரின் முகத்தையே காணாத நம் கடற்கரை நெசவாளர்களின் வாழ்வையும் தொட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மன்னரின் பெருவிருப்பம் போர். 1667-இல் ஸ்பானிய நெதர்லாந்தின்மீது முதற்போர். 1672 முதல் 1678 வரை டச்சுப் போர். 1688 முதல் 1697 வரை ஒன்பதாண்டுப் போர். 1701 முதல் 1714 வரை ஸ்பானிய அரசுரிமைப் போர். தாமே ஆண்ட ஐம்பத்து நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் போரில் கழிந்தன. 1689-இல் ஜெர்மானியப் பகுதியான பலாட்டினேட்டில், பகைவருக்குப் பயன்படாதிருக்க வேண்டும் என்று, ஊர்களும் நகரங்களும் திட்டமிட்டுக் கொளுத்தப்பட்டன. அதே ஆண்டின் இறுதியில், போர்ச் செலவைத் தாங்கமாட்டாமல், வெர்சேல்ஸ் அரண்மனையின் வெள்ளி மேசைகளையும் வெள்ளி விளக்குத் தண்டுகளையும் உருக்கி நாணயம் அடிக்குமாறு மன்னர் ஆணையிட்டார். தலைசிறந்த பொற்கொல்லர்கள் பல ஆண்டுகள் இழைத்த கலைப்பொருள்கள் சில நாட்களில் உலைக்களம் புகுந்தன.

போருக்கான பணம் யாரிடமிருந்து வந்தது? தலையாய நேர்வரியாகிய ‘தாய்’ வரியிலிருந்து பிரபுக்களுக்கும் குருமாருக்கும் விலக்கு உண்டு. சுமை குடியானவன் தலைமேல் விழுந்தது. உப்பு வரியின் கொடுமை தனி. நாட்டின் பெரும்பகுதியில், எட்டு வயதுக்கு மேற்பட்டோர் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று கணக்கிட்டு, அரசாங்கப் பண்டகசாலையில் அரசாங்க விலைக்கு உப்பை வாங்கியே தீரவேண்டும். நாட்டின் மிகுந்த செல்வர் மிகக் குறைவாகச் செலுத்திய அம்முறையைத் திருத்த, அவர்களின் துணையால் நின்ற அரசு துணியவில்லை. 1695-இல் எல்லாரும் செலுத்த வேண்டிய தலைவரி ஒன்று வந்தபோதும், செல்வாக்குடையோர் நழுவிக்கொள்ள வழி கண்டனர்.

தடுப்பார் இல்லாத ஆட்சியின் பெரும்பிழை 1685-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. லூயியின் பாட்டனாராகிய நான்காம் ஹென்றி, 1598-இல் நான்டீஸ் ஆணை என்பதன் மூலம், புராட்டஸ்டண்டு சமயத்தினராகிய ஹியூகனாட்டுகளுக்கு வழிபாட்டு உரிமை அளித்திருந்தார். நெடுங்காலம் நடந்த சமயப் போருக்கு அவ்வாணை மருந்தாயிற்று. பேரனார் அதனை நீக்கினார். கோயில்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் இரண்டு வாரத்துக்குள் நாட்டை விட்டு நீங்க வேண்டும். மற்றையோர் நீங்கவே கூடாது. நீங்க முயலும் ஆடவருக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமைத் தண்டனை என்று ஆணை பிறந்தது. ஆயினும், ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் மலை கடந்தும் கடல் கடந்தும் சென்றனர். நெசவாளரும் கடிகாரம் செய்வோரும் வணிகரும் படைத்தலைவரும் ஹாலந்துக்கும் இங்கிலாந்துக்கும் பிராண்டன்பர்க்கிற்கும் தம் திறமையைக் கொண்டு சேர்த்தனர். நீராவியின் விசையால் உந்துதண்டை இயக்கலாம் எனக் கண்ட தெனிஸ் பாப்பேன் பிரான்சில் பிறந்தவர். ஹியூகனாட்டு என்பதால் தாய்நாடு திரும்ப இயலாமல், 1690-இல் அயல்நாட்டிலிருந்தே அக்கருத்தை வெளியிட்டார்.

அரசவையில் அன்று பெரும்பாலோர் ஆணையைப் புகழ்ந்தனர். புகழ்மொழிகளுக்கு நடுவே ஒருவர் மட்டும் கணக்கெடுத்தார். அவர் வோபான், பிரான்சின் எல்லைகளெங்கும் கோட்டைகளைக் கட்டிய பெரும் பொறியாளர். நாடு இழந்த மக்கள், பணம், தொழில், படைவீரர் ஆகியவற்றை எடுத்துக் காட்டி, சென்றவர்களைத் திரும்ப அழைக்குமாறு 1689-இல் அவர் ஒரு விண்ணப்பம் எழுதினார். அது ஏற்கப்படவில்லை.

1692, 1693 ஆகிய ஆண்டுகளில் விளைச்சல் பொய்த்தது. பஞ்சமும் கொள்ளைக் காய்ச்சலும் சேர்ந்து வந்தன. ஏறத்தாழ இரண்டு கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகின்றனர். மன்னரின் பேரருக்கு ஆசிரியராக இருந்த பெனலோன் என்னும் குருவானவர், அக்காலத்தில் பெயர் குறிக்காமல் மன்னருக்கு ஒரு கடிதம் எழுதினார். நாடு உணவற்ற மருத்துவச் சாலை போலாகிவிட்டது என்றும், புகழ்ச்சி மன்னரின் கண்ணை மறைத்துவிட்டது என்றும் அதில் கூறினார். அக்கடிதம் மன்னரின் கையை எட்டியதற்குச் சான்று இல்லை. நல்லெண்ணம் உடைய ஆசிரியர் ஒருவர், தம் பெயரை மறைத்து, மன்னரிடம் சேருமோ சேராதோ என்ற ஐயத்துடன் உண்மையை எழுத நேர்ந்தது என்பதே அவ்வாட்சியின் நிலையைக் காட்டும்.

வோபான் மீண்டும் ஒருமுறை முயன்றார். கோட்டை கட்டுவதற்காக நாடெங்கும் சுற்றியவர் ஆதலால், குடிசைகளின் உள்ளே என்ன வேகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினர் பிச்சை ஏற்கும் நிலைக்கு வந்துவிட்டனர் என மதிப்பிட்டார். பிரபு, குரு, குடியானவன் என்ற வேறுபாடின்றி, அவரவர் வருவாயில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாத ஒரே வரி விதிக்கலாம் என்று ஒரு நூல் எழுதினார். இசைவின்றி அச்சிடப்பட்ட அந்நூல் 1707-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் வோபான் இறந்தார். மன்னருக்காக எத்தனையோ முற்றுகைகளை வென்று கொடுத்தவர், மன்னரின் செவியை மட்டும் வெல்ல முடியவில்லை.

1709 சனவரியில் வந்த குளிர், ஐரோப்பா கண்ட கொடிய குளிர்களுள் ஒன்று. ஆறுகள் உறைந்தன. விதைத்த கோதுமை நிலத்திலேயே கருகிற்று. போரிலும் தோல்விமேல் தோல்வி. மன்னர் அமைதி வேண்டித் தூது அனுப்பினார். ஸ்பெயினில் அரசராய் அமர்ந்திருக்கும் அவருடைய பேரரை வெளியேற்ற அவரே பொறுப்பேற்க வேண்டும் என்று பகைவர் கேட்டனர். லூயி மறுத்தார். மறுத்தபின் அவர் செய்ததுதான் புதுமை. சூன் 12-ஆம் நாள், தம் மக்களுக்குத் தம் நிலையை விளக்கி ஒரு கடிதம் விடுத்தார். அன்று வானொலி இல்லை. மாகாண ஆளுநர்கள் வாயிலாகவும் குருமார் வாயிலாகவும் அக்கடிதம் நாடெங்கும் பரவிற்று. அச்சேறி ஊர்தோறும் படிக்கப்பட்டது. தாம் அமைதிக்கு எவ்வளவு இறங்கி வந்தார் என்றும், ஏன் மேலும் இறங்க முடியவில்லை என்றும் கூறி, மக்களின் துணையை அவர் வேண்டினார். மக்களும் துணை நின்றனர். அந்த ஆண்டு செப்டம்பரில் மால்பிளாக்கே என்னுமிடத்தில் நடந்த போரில் பிரெஞ்சுப் படை பின்வாங்கினாலும், வென்றவர் பேரிழப்பு எய்தியதால், நாடு படையெடுப்பிலிருந்து தப்பியது. 1713-இல் உத்ரெக்ட் உடன்படிக்கையும் வந்தது.

இக்கடிதத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும். ஆட்சியைக் கையில் எடுத்து நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் மக்களிடம் காரணம் கூறிய மன்னர், முதற்போரைத் தொடங்குமுன் அவ்வாறு கூற நேர்ந்திருந்தால் எத்தனை போர்கள் தொடங்கியிருக்கும்? காரணம் கூறக் கடமைப்பட்டவன் பாதித் தவறுகளைத் தொடங்கும் முன்பே கைவிட்டுவிடுவான் அன்றோ?

முதுமையில் துயரம் மன்னரைச் சூழ்ந்தது. 1711-இல் மகன் இறந்தார். 1712-இல் ஒரு திங்களுக்குள் பேரரும் அவர் மனைவியும் அவர்களுடைய மூத்த மகனும் மறைந்தனர். எஞ்சியவர் அப்போது இரண்டு வயதான கொள்ளுப்பேரர். 1715 ஆகஸ்டில், கால் அழுகி மரணம் நெருங்கியபோது, மன்னர் அச்சிறுவரை அருகில் அழைத்தார். கட்டடம் கட்டும் ஆசையிலும் போர் செய்யும் ஆசையிலும் தம்மைப் பின்பற்ற வேண்டா என்றும், மக்களின் சுமையைக் குறைக்குமாறும், தம்மால் அது செய்ய இயலாமற் போயிற்று என்றும் கூறினார். ஒருவரும் இடித்துரைக்க இயலாத மன்னரை, இறுதியில் அவரே இடித்துரைத்துக்கொண்டார். ஆனால், காலம் கடந்துவிட்டது.

அவர் உடல் அடக்கத்துக்குச் சென்ற வழியில், மக்கள் கூடாரமிட்டுக் குடித்தும் பாடியும் சிரித்தும் இருந்ததைப் பின்னாளில் வால்டேர் எழுதி வைத்தார். இறந்த மறுநாளே பாரிஸ் பார்லிமெண்டு அவருடைய உயிலின் முதன்மையான விதிகளைத் தள்ளிற்று. அதே செப்டம்பர்த் திங்களில், பதிவுக்கு முன் இடித்துரைக்கும் உரிமை அம்மன்றத்துக்குத் திரும்பக் கிடைத்தது. கருவூலத்திலோ ஏறத்தாழ 200 கோடி லீவர் கடன் நின்றது. பிந்திய மன்னர்களும் செலவைச் சுருக்கவில்லை. செல்வரிடம் வரி வாங்கவும் வல்லவராகவில்லை. முடிவில், கடன் சுமை தாங்காமல், 1789-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் எஸ்டேட்ஸ் ஜெனரல் கூட்டப்பட்டது. 175 ஆண்டுகள் வாய்மூடியிருந்த பேரவை பேசத் தொடங்கியபோது என்ன நேர்ந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். அப்புரட்சிக்கு லூயி ஒருவரே காரணம் என்பது மிகையாகும். ஆனால், நாட்டின் குறையை முறையாகச் சொல்லும் வழிகளை அடைத்துவிட்டுப் போனவர்களுள் அவர் முதல்வர் என்பது மிகையாகாது.

வகுப்பில் ஒரு மாணவி என்னைக் கேட்டாள்: “ஐயா, அவர் நல்ல அரசரா, கெட்ட அரசரா?” அன்று நான் நேரான விடை கூறவில்லை. இன்று கூறுகிறேன். அவர் உழைப்பாளி, திறமையாளர், கலையறிந்தவர், தோல்வியில் கலங்காதவர். இத்தனை நலங்களும் உடைய ஒருவரையே, மறுத்துரைப்பார் இல்லாத அதிகாரம் இவ்வளவு தவறுகளுக்கு உள்ளாக்கியது என்றால், அக்குறை ஆளைப் பொறுத்தது அன்று; அமைப்பைப் பொறுத்தது. ஆகவே, ஆள்பவர் நல்லவரா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அவரிடம் ‘இது ஆகாது’ என்று சொல்ல எவருக்கு உரிமை இருக்கிறது, அவ்வாறு சொன்னவர் மறுநாளும் தம் வீட்டில் அச்சமின்றி உறங்க முடிகிறதா என்றும் கேளுங்கள். வெர்சேல்ஸின் கண்ணாடிகள் 357. அத்தனை கண்ணாடிகளும் மன்னருக்கு அவருடைய உருவத்தையே காட்டின. நாட்டின் உருவத்தைக் காட்ட முயன்ற வோபானின் நூலோ தடை செய்யப்பட்டது.